இருபது பீங்கான்களும் ஐந்து பங்குகளும்

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், கொரட்டூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலுள்ள ஒரு வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அவ்வீட்டு மூதாட்டி வஃபாத்தாகி இரண்டு மாதங்கள் கடந்திருந்தன. அவருடைய கணவரும் பெற்றோரும் முன்னரே மறைந்துவிட்டனர். இரு ஆண்மக்களும் ஒரு மகளுமே வாரிசுகள். கடன் ஏதுமில்லை. மரண சாசனமும் இல்லை. வங்கியிலிருந்த பணம், நகைகள், காயல்பட்டினத்து வீட்டில் இருந்த பங்கு ஆகியவற்றை ஓர் ஆலிமின் வழிகாட்டுதலில் ஷரீஅத் முறைப்படி பிரித்துக்கொண்டுவிட்டனர். எஞ்சியிருந்தது ஒரு தேக்குமர அலமாரி. அதனுள்ளே இருபது பீங்கான்கள்.

“இதையெல்லாம் யார் கணக்கில் சேர்ப்பார்கள்? காயலான் கடையில் போட்டுவிடலாம்” என்றார் மூத்த மருமகள்.

“உம்மா தன் கையால் கழுவித் துடைத்து வைத்த பீங்கான். அப்படியே எனக்குக் கொடுத்துவிடுங்கள்” என்றார் மகள்.

இளைய மகன் ஒன்றும் பேசவில்லை. தம் கைப்பேசியில், இத்தகைய பழைய தட்டுகளுக்குச் சொல்லப்படும் விலையை எடுத்துக் காட்டினார். அதைக் கண்டதும் அறையில் அமைதி நிலவிற்று. அந்த அமைதிக்குப் பின்னர்தான் என் நினைவு அவர்களுக்கு வந்திருக்கிறது. பூவேலைப் பீங்கான்களைச் சில ஆண்டுகளாகச் சேர்த்து வருபவன் என்பதால், “காக்கா, நீங்கள் வந்து பார்த்துச் சொல்லுங்கள்” என்று அழைத்தனர்.

பார்த்துச் சொல்வது எளிதன்று. ஒரு பீங்கானின் நிலையைத் தவறாகச் சொன்னால் ஒருவருடைய பங்கில் குறை நேரும். பொழுதுபோக்காக நான் கற்ற ஒன்று, அன்று அமானிதமாகிவிட்டது.

குறைவாயினும் கூடுதலாயினும்

பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆண்களுக்கும் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு, அது குறைவாயினும் கூடுதலாயினும் சரியே என்பது திருமறையின் அந்நிஸா அத்தியாயம் நமக்குத் தரும் கட்டளை. நிலத்தையும் நகையையும் இக்கட்டளைப்படி பிரிக்கும் நாம், சமையலறை என்று வரும்போது பெரும்பாலும் அதனை மறந்துவிடுகிறோம். கைக்கு எட்டியவர் எடுத்துக்கொள்கிறார். எட்டாதவர் மனத்தில் வடு தங்கிவிடுகிறது.

மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இரு மகன்களுக்கும் ஒரு மகளுக்கும் மொத்தம் ஐந்து பங்குகள். இருபது பீங்கான்களை ஐந்தால் வகுத்தால் நான்கு. ஆகவே மகளுக்கு நான்கு, மகன்களுக்கு எட்டெட்டு என்று முடித்துவிடலாமே என்றார் ஒருவர். எண்ணிக்கை சரிதான். ஆனால் முழுப் பீங்கானும் விரிசல் கண்ட பீங்கானும் சமமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. அன்னையருள் ஒருவரின் வீட்டில் அண்ணலார் இருந்தபோது, மற்றோர் அன்னையார் ஒரு பாத்திரத்தில் உணவு அனுப்பினார். வீட்டிலிருந்த அன்னையார் ரோஷத்தால் தட்டிவிட, பாத்திரம் விழுந்து உடைந்தது. அண்ணலார் சினங்கொள்ளவில்லை. உடைந்த துண்டுகளைத் தம் கரங்களாலேயே சேர்த்து, சிதறிய உணவையும் அள்ளி வைத்தார்கள். பின்னர் அவ்வீட்டிலிருந்த முழுப் பாத்திரத்தை, உடைந்த பாத்திரத்துக்கு உரியவருக்கு அனுப்பிவிட்டு, உடைந்ததை உடைத்தவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். முழுமைக்கு முழுமைதான் ஈடு என்னும் நீதியை இதைவிடத் தெளிவாக யாரால் உணர்த்த முடியும்?

ஆகவே எண்ணுவதற்கு முன்னர் எடை போட வேண்டியிருந்தது. எடை போடுவதற்கு முன்னர், இவை யாவை, எங்கிருந்து வந்தவை என்று அறிய வேண்டியிருந்தது.

கடல் கடந்து வந்த பூக்கள்

‘பீங்கான்’ என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து தமிழுக்கு வந்தது. ஒரே தட்டில் பலர் கூடி உண்ணும் ‘சஹன்’ அரபுச் சொல். பெயர்களைப் போலவே பொருளும் கப்பலேறி வந்ததுதான். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980களில் நடந்த அகழாய்வில், 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்தன. நம் கடற்கரை ஊர்களுக்குப் பீங்கான் புதிதன்று என்பதற்கு அவை சான்று.

முஸ்லிம் உலகம் பீங்கானைப் போற்றிய வரலாறு நீண்டது. சீனத்தில் செங்தே பேரரசர் காலத்தில் (1506–1521) அரபு எழுத்துகள் பொறித்த பீங்கான்கள் செய்யப்பட்டன. இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்கள் இருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் துருக்கியின் இஸ்னிக் நகரத்துக் கைவினைஞர்கள் துலிப், கார்னேஷன், ரோஜா மலர்களைத் தட்டுகளில் தீட்டிப் புகழ்பெற்றனர். உயிரினங்களின் உருவங்களைத் தவிர்க்கும் இல்லங்களில் பூவும் கொடியும் விரும்பப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் நம் பாட்டிமார் அலமாரிகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை சீனத்தவையும் அல்ல, துருக்கியவையும் அல்ல. அவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஐரோப்பிய ஆலைகளில் செய்யப்பட்டவை. வெண்ணிறக் களிமண்ணைச் சுட்டு, மேலே கண்ணாடி போன்ற மெருகு பூசியவை. நாம் எல்லாவற்றையும் பீங்கான் என்றே சொன்னாலும், இவை உயர்வெப்பத்தில் சுடப்படும் போர்சலின் அல்ல. போர்சலினை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரியும். வெண்களிமண் தட்டில் தெரியாது. போர்சலினின் உடல் நீரை உறிஞ்சாது. வெண்களிமண் தட்டின் உடல் மெருகுக்குக் கீழே நுண்துளைகள் கொண்டது, நீரை உறிஞ்சும். பின்னர் சொல்லப்போகும் பழுதுகளில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் பெத்ருஸ் ரெகூ என்பவர் 1836இல் தொடங்கிய ஆலை, கிழக்கிந்தியத் தீவுகள் உள்ளிட்ட கீழைநாடுகளுக்குப் பெருமளவில் தட்டுகளை அனுப்பிற்று. 1899இல் அது ‘ஸ்ஃபிங்ஸ்’ என்ற பெயரை ஏற்றது. 1958இல் அதே நகரின் போட்டி ஆலையான ‘சொசியேத்தே செராமிக்’குடன் இணைந்தது. இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட் வட்டாரத்து ஆல்பிரட் மீக்கின், கிரிண்ட்லி, ஜான்சன் பிரதர்ஸ் ஆகிய ஆலைகளின் தட்டுகளும் நம் நாட்டில் பரவலாகப் புழங்கின. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து பெல் ஆலை, தென்கிழக்காசியச் சந்தைக்கெனத் தன் வடிவங்களுக்கு மலாய்ப் பெயர் சூட்டி, அவற்றுள் சிலவற்றில் அரபு எழுத்தால் எழுதும் ஜாவி வடிவத்திலும் முத்திரையிட்டது. அரபுத் தமிழ் படித்த நம் மூதாட்டியர் அதைக் கையில் எடுத்திருந்தால் எழுத்துக்கூட்டிப் பார்த்திருப்பார்கள்!

இன்னொரு செய்தியும் உண்டு. ஆங்கிலேயர் ‘சின்ட்ஸ்’ என்று அழைக்கும், நெருக்கமான பூக்கள் நிறைந்த தட்டுவகை, நம் சோழமண்டலக் கரையிலிருந்து ஏற்றுமதியான சீட்டித் துணியின் பூவேலையைப் பின்பற்றியது. அந்தத் துணி வாணிகத்தில் பழவேற்காடு முதல் காயல் வரை நம் முன்னோர்க்கும் பங்குண்டு. நம் கரையிலிருந்து துணியில் சென்ற பூ, தட்டில் திரும்பி வந்தது எனலாம்.

கொரட்டூர் வீட்டுப் பீங்கான்களை வாங்கி வந்தவர் அம்மூதாட்டியின் வாப்பா. இரங்கூனில் வணிகம் செய்தவர். 1941 டிசம்பரில் இரங்கூன்மீது ஜப்பானியரின் குண்டு விழுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், மகளுக்கென்று மரப்பெட்டியில் வைக்கோல் அடைத்து ஊருக்குக் கொண்டுவந்தார் என்பது குடும்பத்தார் சொல். காயல்பட்டினத்திலிருந்து பிழைப்பு நாடி, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகே குடியேறியபோது, அவற்றுள் எஞ்சிய இருபதும் உடன் வந்தன. பூவேலைத் தட்டுகள் பதினைந்து, சஹன்கள் மூன்று, மூடியுள்ள குழம்புப் பாத்திரங்கள் இரண்டு.

அடிப்புறம் பேசும்

பீங்கானை வாங்குகிறவர் முகத்தைப் பார்ப்பார். அறிந்தவர் கவிழ்த்துப் பார்ப்பார். அடிப்புறத்து முத்திரை, அதன் பிறந்த ஊரையும் ஏறத்தாழக் காலத்தையும் சொல்லிவிடும்.

‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால், அது பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த சட்டமே அதற்குக் காரணம். ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றிருந்தால் பொதுவாக 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சாய்சதுரக் கட்டத்துக்குள் சிறு எழுத்துகள் இருந்தால், 1842க்கும் 1883க்கும் இடையே பதிவான வடிவம். 1884 முதல் அதன் இடத்தில் வரிசை எண் வந்தது. ஜப்பானியப் பொருள்களில் ‘நிப்பான்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1921க்கு முற்பட்டவை. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்ற பொருளில் ஆங்கில முத்திரை இருந்தால் இரண்டாம் உலகப் போர் முடிந்த பின், 1952க்குள் செய்யப்பட்டவை.

முத்திரை மட்டும் போதாது. முத்திரையைப் பொய்யாக அச்சிடுவோரும் உண்டு. உண்மையிலேயே பழையதாயின், அடிவளையம் தரையிலும் அலமாரியிலும் உராய்ந்து ஒழுங்கின்றித் தேய்ந்திருக்கும். புதியதைப் பழையதாக்கியிருந்தால் தேய்வு ஒரே சீராக, உப்புத்தாள் கொண்டு தேய்த்தது போல இருக்கும்.

கொரட்டூர் வீட்டுச் சஹன்கள் மூன்றிலும் மாஸ்ட்ரிக்ட் ஊர்ப்பெயரும் ஸ்ஃபிங்ஸ் உருவமும் இருந்தன. தட்டுகளில் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றிருந்தது. குடும்பத்தார் சொன்ன காலத்துக்கு இரண்டும் முரணாக இல்லை. மகளின் கண்கள் நிறைந்தன. “அப்பா சொன்னது கதையில்லை” என்றார்.

நிலை அறியும் முறை

பகல் வெளிச்சத்தில், ஒரு பருத்தித் துணியை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். அலமாரியைத் திறந்து பார்க்க விரும்பும் சகோதரிகளுக்குப் பயன்படும் என்பதால் முறையை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் விரல். கண்களை மூடிக்கொண்டு விளிம்பு முழுவதையும் விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவ வேண்டும். கண்ணுக்குத் தப்பும் சிறு சில்லுப் பெயர்வும் விரலுக்குத் தப்பாது.

இரண்டாவது செவி. தட்டை விரல் நுனிகளில் தாங்கி, மடக்கிய விரலால் மெல்லத் தட்டினால் நல்ல தட்டு கணீரென்று ஒலிக்கும். விரிசல் கண்டது அடைத்த குரலில் ஒலிக்கும். வெண்களிமண் தட்டுகள் போர்சலினைப் போல் நெடுநேரம் ஒலிக்கமாட்டா. ஆகவே அதே தொகுதியிலுள்ள மற்றொரு தட்டோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது வெளிச்சம். தட்டைச் சாய்த்துப் பிடித்தால் மெருகின்மீது வலை போன்ற நுண்கோடுகள் சிலவற்றில் தெரியும். உடலும் மெருகும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் மெருகு மட்டும் வெடித்தமையே அது. வயதின் அடையாளம், உடைவு அன்று. ஆனால் விளிம்பிலிருந்து தொடங்கி ஒரே திசையில் ஓடும் தனிக்கோடு வேறு. அது முன்புறமும் பின்புறமும் தெரியுமாயின், உடலே பிளந்துள்ளது. ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். பிளவு நீரை உறிஞ்சிக் கருத்துத் தெரியும்.

நான்காவது பூவின் தேய்வு. மெருகுக்குக் கீழே அச்சிட்ட பூ எளிதில் தேயாது. விரலுக்கு வழவழப்பாகவே இருக்கும். மெருகின்மேல் தீட்டிய பூவும் பொன்நிறக் கோடும் சற்றே மேடாகத் தட்டுப்படும். அவைதாம் தேய்பவை. மேலைநாட்டு நூல்கள் தட்டின் நடுவே கத்தியின் கீறலைத் தேடச் சொல்கின்றன. கையால் உண்ணும் நம் வீட்டுப் பீங்கான்களில் கத்திக் கீறல் இராது. அதற்கு மாறாக, சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு ஆண்டுக்கணக்கில் தேய்த்ததன் சுவடு வட்ட வட்டமாக இருக்கும். பூ மங்கியிருப்பினும் அது பழுதன்று, உழைப்பின் தேய்வு.

ஐந்தாவது கறை. மெருகு வெடிப்பின் வழியே நெய்யும் மஞ்சளும் உடலுக்குள் இறங்கிப் பழுப்புத் திட்டுகளாகும். முகர்ந்து பாருங்கள். பழைய நெய்யின் வாடை வந்தால் கறை ஆழமானது. கடற்கரை ஊர்களில் இருந்தவற்றில் உப்பும் ஊறியிருக்கும். அந்த உப்பு பூத்து வெளிவரும்போது மெருகைச் செதில் செதிலாகப் பெயர்க்கும்.

பழுதல்லாதவற்றையும் அறிந்திருக்க வேண்டும். அடிப்புறத்தில் முக்கோணமாக மூன்று சிறு புள்ளிகள் இருந்தால், அவை சூளையில் தட்டைத் தாங்கிய முட்டுகளின் தடம். பூவரிசை ஓரிடத்தில் பாதியில் வெட்டுண்டு அடுத்த பூவோடு பொருந்தாதிருந்தால், அச்சுத்தாளின் இரு முனைகள் கூடிய இடம் அது. மெருகிலுள்ள ஊசித்துளைகளும் கரும்புள்ளிகளும் பிறவி மச்சங்கள். இவற்றைக் காட்டி விலை குறைப்பவர் அறியாதவர், அல்லது அறிந்தே ஏய்ப்பவர்.

மறைத்த பழுது

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில், ஒரு தொகுதியை நிறைவு செய்ய ஒரே ஒரு தட்டுக் குறைந்தது. பழம்பொருள் விற்பவர் ஒருவர் அதே பூவேலைத் தட்டைக் கொண்டுவந்து “கீறலே இல்லை” என்று உறுதி கூறினார். கேட்ட தொகையைக் கொடுத்தேன். ஒரு மழைக்காலம் கழிந்ததும் தட்டின் குறுக்கே மஞ்சள் கோடு ஒன்று எழுந்தது. இரண்டாக உடைந்ததைப் பசையிட்டு ஒட்டி, மேலே வண்ணம் தீட்டியிருந்தார்.

அதன்பின் கற்றவை இவை. தீட்டிய இடம் சுற்றியுள்ள மெருகைப் போலக் குளிர்ச்சியாக இராது. ஊசி முனையை மெல்ல இழைத்தால் மெருகில் வழுக்கும். வண்ணத்தில் சற்றே பதியும். கள்ள நோட்டைக் கண்டறியப் பயன்படும் புற ஊதாக்கதிர் விளக்கை இருட்டறையில் காட்டினால், பசையும் புதுவண்ணமும் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும்.

ஒட்டுவது குற்றமன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயன்படுத்திய கோப்பை உடைந்தபோது, பிளவு வெள்ளியால் இணைக்கப்பட்டதாக அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அறிகிறோம். சீனத்திலும் இங்கிலாந்திலும் உடைந்த பீங்கானில் துளையிட்டு உலோகக் கம்பியால் தைத்துக் கொடுக்கும் தொழிலாளர் இருந்தனர். அந்தத் தையல் எல்லோர்க்கும் தெரியும்படி இருந்தது. குற்றம் மறைப்பதில் இருக்கிறது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து உள்ளே ஈரத்தைக் கண்ட அண்ணலார், மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். விற்பவருக்கு மட்டுமன்று, பங்கு பிரிக்கும் உடன்பிறப்புகளுக்கும் இது பொருந்தும்.

வாங்க விரும்புவோருக்கு ஒரு சொல். பழைய மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. இன்று சென்னையில் பழம்பொருள் நாடுவோர் செல்லுமிடங்களுள் ஒன்று பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தை. காரைக்குடியிலும் பழம்பொருள் கடைகள் உண்டு. பல்லாவரத்துக்குச் செல்வோர் ஜும்ஆவுக்கு முன் திரும்பும்படி விடியற்காலையிலேயே புறப்படுவது நன்று. வெளிச்சம் வரும் வரை பணத்தை எடுக்காதீர்கள். ஆசை கண்ணை மறைக்கும் நேரத்தில் அரையிருட்டும் சேர்ந்தால் விரிசல் தெரியாது.

இவற்றில் உண்ணலாமா?

மூத்த மருமகள் கேட்ட இந்தக் கேள்வி எல்லாக் கேள்விகளிலும் முதன்மையானது. பழைய மெருகுகளிலும் மேற்பூச்சு வண்ணங்களிலும் ஈயம் கலப்பது வழக்கமாக இருந்தது. அவ்வாலைகளின் தொழிலாளர் பலர் ஈய நஞ்சால் நோயுற்றனர். பிரிட்டன் 1947ஆம் ஆண்டு விதிகளின் மூலமே எளிதில் கரையும் ஈயத்தை மெருகுகளிலிருந்து விலக்கிற்று. மெருகு வெடித்த, பூ தேய்ந்த தட்டில் புளிக்குழம்பு, எலுமிச்சை ஊறுகாய், தயிர் போன்ற புளிப்புப் பொருள்களை வைத்தால் ஈயம் உணவில் இறங்கக்கூடும். அது குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் பெருந்தீங்கு. ஆதலால் இவற்றை அலமாரிக்கு உரியவை என்று வைத்துக்கொள்வதே நலம். விருந்தில் வைக்க விரும்பினால், உறையிட்ட பேரீச்சம்பழமோ தோலுரிக்காத பழமோ வைத்து அழகு பார்க்கலாம்.

சில்லுப் பெயர்ந்த கோப்பையின் உடைந்த வாய் வழியே பருகுவதை நபிகளார் தடுத்ததாக அபூஸயீத் அல்குத்ரி (ரலி) அறிவிப்பதை அபூதாவூத் நூலில் காண்கிறோம். உதட்டைக் கிழிக்கும், அழுக்கும் அங்கேதான் தங்கும். பொன் கோடிட்ட தட்டைப் புழங்கலாமா என்ற ஐயம் எழுவோர், தங்கள் மத்ஹபின் ஆலிம்களைக் கேட்டுத் தெளிவது முறை.

பேணுவதில் சில குறிப்புகள். இளஞ்சூட்டு நீரும் மென்மையான சோப்பும் போதும். சாம்பலும் இரும்பு நாரும் வேண்டா. பிளீச்சிங் தூள் கரைசலில் ஊறவைக்காதீர்கள். அது உடலுக்குள் உப்பாகத் தங்கிப் பின்னர் மெருகைப் பெயர்க்கும். உப்பு ஊறிய தட்டை நல்ல நீரில் சில நாள்கள், நீரை மாற்றி மாற்றி வைத்து எடுத்து, முற்றிலும் உலரவிட வேண்டும். மேற்பூச்சு உதிரும் நிலையில் இருந்தால் அதுவும் கூடாது. கொதிக்கும் உணவைக் குளிர்ந்த தட்டில் கொட்டினால் மெருகு வெடிக்கும். அடுக்கும்போது இடையிடையே பருத்தித் துணி வையுங்கள். செய்தித்தாளின் மை ஒட்டிக்கொள்ளும்.

பங்கீடு

எல்லாவற்றையும் பார்த்து முடித்து நான்கு நிலைகளாகப் பிரித்தோம். பழுதில்லாதது பத்துப் புள்ளி. தேய்வும் கறையும் மட்டும் கொண்டது ஏழு. சில்லுப் பெயர்ந்தது நான்கு. விரிசல் கண்டது ஒன்று. சஹனுக்கும் மூடிப் பாத்திரத்துக்கும் இரட்டிப்பு. இது எந்த நூலிலும் உள்ள விதியன்று. மூவரும் உடன்பட்டு வகுத்த அளவுகோல். யாருக்கு எது என்று பேசுவதற்கு முன்னரே அளவுகோலை முடிவு செய்துவிட வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோளாக இருந்தது.

தட்டுகள் பதினைந்தில் பழுதற்றவை ஆறு, தேய்ந்தவை நான்கு, சில்லுப் பெயர்ந்தவை மூன்று, விரிசல் கண்டவை இரண்டு. ஆக 102 புள்ளிகள். சஹன்களில் ஒன்று பழுதற்றது, ஒன்று தேய்ந்தது, ஒன்று விரிசல் கண்டது. ஆக 36. மூடிப் பாத்திரங்களில் ஒன்று தேய்ந்தது, ஒன்று சில்லுப் பெயர்ந்தது. ஆக 22. மொத்தம் 160. ஐந்தால் வகுத்தால் 32. மகளுக்கு 32, மகன்களுக்கு 64 வீதம்.

“தங்கச்சி முதலில் எடுக்கட்டும்” என்றார் மூத்தவர்.

அவர் பழுதற்ற சஹனை எடுப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். எடுத்தார். இருபது புள்ளி. பழுதற்ற தட்டு ஒன்றை எடுத்தார். முப்பது. இன்னும் இரண்டு புள்ளி எஞ்சியிருந்தது. ஒருவரும் வேண்டாம் என்று ஓரமாக வைத்திருந்த, விரிசல் கண்ட சஹனை அவர் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இது எதற்கம்மா? நோன்புப் பெருநாள் அன்று நான்தானே இதைத் தவறவிட்டேன். அடுப்பங்கரைத் திண்ணையில் பட்டு விரிந்துவிட்டது” என்றார் இளையவர்.

“தெரியும். அன்றைக்கு உம்மா உன்னை அடிக்கவில்லை. விரிசல் பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, நம் மூவரையும் இந்தப் பக்கம் உட்கார வைத்துச் சோறு பிசைந்து கொடுத்தார்களே” என்றார் மகள்.

எஞ்சியவற்றை அண்ணன் தம்பி இருவரும் அறுபத்து நான்கு புள்ளி வீதம் பிரித்துக்கொண்டனர். ஒரு புள்ளியும் மிஞ்சவில்லை, குறையவுமில்லை. மூத்த மருமகளே உள்ளே சென்று பழைய பருத்திச் சேலையொன்றைக் கொண்டுவந்து, நாத்தனாரின் சஹன்களுக்கு இடையே மடித்து வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

மஃரிப் பாங்கு கேட்டது. நான் எழுந்தேன். பத்தாண்டுகளாகப் பீங்கான்களின் நிலையை மதிப்பிட்டு வருகிறேன். விரிசல் கண்டது ஒரு புள்ளி என்று நான்தான் அன்று எழுதினேன். அந்தக் கணக்கு பங்கீட்டுக்குச் சரிதான். அந்த வீட்டில் அந்தச் சஹனின் மதிப்பு அதுவன்று என்பதை, கட்டப்பட்ட மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த அந்தச் சகோதரியைக் கண்டு அறிந்தேன்.

உங்கள் வீட்டு அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கவிழ்த்துப் பாருங்கள், விரலால் தடவிப் பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே எது எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். காயலான் கடைக்குப் போகும் முன், அதில் உங்கள் உடன்பிறந்தார்க்கும் உரிமை உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். சிறு பொருளிலும் நீதி தவறாமல் நடக்கும் நல்வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக. ஆமீன்.